ஹாட் ராடுக்குக் குறைந்த விலையில் ரேடியேட்டர்: வரிசைக் கணக்குக்கு முன்னால் பார்க்கவேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டின் உருவத்தில் ஒரு ஹாட் ராட் (பழைய காரின் உருவில் வலுவான எஞ்சினைப் பொருத்திக் கட்டும் கார்) கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எஞ்சின் செவ்ரலே 350 ஸ்மால் பிளாக், கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக். ரேடியேட்டரைச் சூழ்ந்து நிற்கும் முன்புறக் கிரில் ஷெல்லை வெட்டிச் சற்றுக் குட்டையாக்கியிருக்கிறீர்கள். அந்த ஷெல்லுக்கென்றே கையால் செய்யப்படும் செம்பு–பித்தளை ரேடியேட்டரை வாங்கப் பணம் இடம்கொடுக்கவில்லை. ஆகவே 200, 300 டாலர் அளவில் கிடைக்கும் அலுமினிய ரேடியேட்டர்களில் நீர் ஓடும் குழாய்கள் இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசையாக உள்ளவற்றுள் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

இரண்டு வரிசை போதும்; ஆனால் அந்த முடிவுக்கு வரிசைகளின் எண்ணிக்கை காரணமல்ல. ரேடியேட்டரின் முகப்பரப்பு, குழாயின் அகலம், கோர் (குழாய்கள் அடங்கிய நடுப்பகுதி) பற்றவைக்கப்பட்டிருக்கும் முறை, பின்னால் நிற்கும் ஃபேனும் அதன் காற்றைக் கோர் முழுவதற்கும் பரப்பும் உறையான ஷ்ரவுடும் என்ற நான்கையும் பார்த்து முடித்தபின் வரிசைக் கணக்கு தானாகவே தீர்ந்துவிடும். குறைந்த விலை ரேடியேட்டர் வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ரேடியேட்டரால் ஏமாறவில்லை. ரேடியேட்டரில் மிச்சம்பிடித்த பணத்தை ஷ்ரவுடுக்குச் செலவிடாமல் விட்டதால்தான் ஏமாந்தார்கள் என்பது என் கணிப்பு.

வரிசைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன்மீதுள்ள மயக்கம் தெளியும். பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டர்களில் குழாய்கள் மெல்லிய பித்தளையால் ஆனவை. பொதுவாக அவற்றின் அகலம் அரை அங்குலம் அல்லது அதைவிடச் சிறிது கூடுதல். அதற்குமேல் அகலப்படுத்தினால் உள்ளழுத்தத்தில் குழாய் உப்பிவிடும். ஆகவே கூடுதல் பரப்பு வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகளைக் கூட்டுவதே அன்று இருந்த வழி. ‘நான்கு வரிசை’ என்றால் கனரக ரேடியேட்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அலுமினியக் குழாயின் சுவரைச் சற்றுத் தடிமனாகச் செய்தும் எடையைக் குறைவாக வைத்திருக்கலாம் என்பதால், அதை 1 அங்குலம், 1¼ அங்குலம் அகலத்தில்கூடச் செய்ய முடிகிறது. 1 அங்குலக் குழாய்கள் இரண்டு வரிசையாக நின்றால் ஃபின்களை (வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய தகடுகளை) தொடும் குழாய் ஆழம் 2 அங்குலம். அரை அங்குலக் குழாய்கள் நான்கு வரிசையாக நின்றாலும் அதே 2 அங்குலம்தான். பிந்தையதில் வரிசைகளுக்கிடையே வெப்பத்தை எடுத்துச்செல்லாத வெற்றிடங்கள் மூன்று. முந்தையதில் ஒன்றே ஒன்று. எனவே விற்பனைப் பக்கத்தில் ‘4 வரிசை’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டுக் குழாயின் அகலத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பக்கத்தைக் கடந்து சென்றுவிடுங்கள்.

செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்று யாராவது உங்களிடம் வாதிடலாம். உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மையே. ஆனால் செம்பு–பித்தளைக் கோரில் குழாயும் ஃபின்னும் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பற்று செம்பின் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. உலையில் வைத்து பிரேஸிங் (இணைப்பு உலோகத்தை உருக்கிப் பற்றவைத்தல்) செய்யப்பட்ட அலுமினியக் கோரில் குழாயும் ஃபின்னும், குழாய் முனைகள் டேங்கோடு சேரும் ஹெட்டர் தகடும் ஒரே உலோகம்போல ஒன்றிவிடுகின்றன. குறைந்த விலைப் பொருளில் நீங்கள் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். குழாய்களை ஹெட்டர் தகட்டில் எபாக்ஸி பசை கொண்டு ஒட்டியிருக்கிறார்களா, அல்லது உலையில் பிரேஸ் செய்திருக்கிறார்களா? எபாக்ஸியைக் கசிவடைக்கும் காப்பாக மேலே பூசுவதை ஏற்றுக்கொள்ளலாம். இணைப்பே எபாக்ஸிதான் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது முகப்பரப்பு. காற்று முதல் வரிசைக் குழாய்களைக் கடக்கும்போதே சூடாகிவிடுகிறது. பின்வரிசைகளுக்குச் சென்று சேர்வது ஏற்கெனவே சூடான காற்று. அதனால் கோரின் தடிமனைக் கூட்டினால் கிடைக்கும் பயன் ஒவ்வொரு வரிசைக்கும் குறைந்துகொண்டே போகிறது. போதாக்குறைக்கு, மெதுவாகச் செல்லும் காரில் தடித்த கோரின் ஊடே காற்றை இழுக்க ஃபேன் திணறும். முகப்பரப்பைக் கூட்டினாலோ, கூட்டிய ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் புதிய, குளிர்ந்த காற்று கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக 17 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் கொண்ட கோரின் பரப்பு 340 சதுர அங்குலம். அகலத்தில் ஓர் அங்குலம் கூட்ட முடிந்தால் அது 360 ஆகிறது. ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். ஷெல்லை நீங்கள் குட்டையாக்கியிருப்பதால் உயரத்தில் இழந்ததைத் தடிமனால் ஈடுகட்டும் ஆசை வரும். அதற்கு முன், ஷெல்லின் உள்விளிம்புக்கும் சேஸியின் நீளச் சட்டங்களுக்கும் இடையே அகலத்தில் இன்னும் அரை அங்குலமாவது தேற்ற முடியுமா என்று பாருங்கள்.

இதை அளக்கும் விதம் முக்கியம். எஞ்சினை மவுண்டுகளில் இறக்கி, வாட்டர் பம்பையும் புல்லியையும் பூட்டி, கார் தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். ஸ்மால் பிளாக்குக்கு நீளப் பம்ப், குட்டைப் பம்ப் என இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஏறக்குறைய 1¼ அங்குல வேறுபாடு. குட்டையான எஞ்சின் அறையில் இந்த வேறுபாடே ஃபேனுக்கு இடம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும். புல்லிகளும் பம்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதால் பம்பை மாற்றுவதானால் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு ரேடியேட்டரின் வெளி அளவில் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, கோர், ஷ்ரவுட், ஃபேன் மோட்டார் ஆகிய மூன்றின் ஆழத்தையும் சேர்த்துச் செய்து ஷெல்லுக்குள் நிறுத்திப் பாருங்கள். ஹோஸ் வாய்கள் வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். மேல் ஹோஸ் 1½ அங்குலம், கீழ் ஹோஸ் 1¾ அங்குலம் என்பது ஸ்மால் பிளாக்கில் வழக்கம்; ஆனால் பம்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் உங்கள் எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘செவ்ரலே வகை’, ‘ஃபோர்டு வகை’ என்று பட்டியலில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டு, பிறகு ஹோஸைப் பாம்புபோல வளைத்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹாட் ராடுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது; பழைய சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் வராது. ஷெல்லைத் தாழ்த்தியபின் எஞ்சினின் தெர்மோஸ்டாட் (சூடேறும்வரை நீரோட்டத்தை அடைத்துவைக்கும் வால்வு) அமர்ந்திருக்கும் கூடு ரேடியேட்டரின் மேல் டேங்கைவிட உயரத்தில் போய் நின்றுவிடலாம். அப்படி நின்றால் அமைப்பிலுள்ள காற்று ரேடியேட்டர் மூடிக்கு வராமல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். நீங்கள் எத்தனை முறை நிரப்பினாலும் ஒரு குவார்ட் குறைந்தே இருக்கும். அட்டையை நிறுத்திப் பார்க்கும்போதே ஒரு ரசமட்டத்தை வைத்து இந்த இரண்டு உயரங்களையும் ஒப்பிடுங்கள். மூடி தாழ்வாக வந்தால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறிய அழுத்தத் தொட்டியை வைத்து, அங்கிருந்து நிரப்ப வேண்டியிருக்கும். அதற்கான செலவையும் ரேடியேட்டரின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நீர் மேலிருந்து கீழே இறங்கும் டௌன்ஃப்ளோவா, பக்கவாட்டில் ஓடும் கிராஸ்ஃப்ளோவா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை. 1932 ஷெல் குறுகி உயர்ந்தது என்பதால் அது தானாகவே டௌன்ஃப்ளோவாக முடிந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டௌன்ஃப்ளோவில் மூடி அமர்ந்திருக்கும் மேல் டேங்க்தான் எஞ்சினிலிருந்து சூடான நீர் பாயும் டேங்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பம்பின் தள்ளலும் மூடியின்மீது சேர்ந்துகொள்வதால், வலுவற்ற மூடி நீரைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும். அலுமினிய ரேடியேட்டருக்கு 13 முதல் 16 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் அழுத்தம்) மூடி பொருத்தம், தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்துகிறது. பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் திறந்த நிலையில் 223 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ. மூடியின் கீழ் அது 265 டிகிரியை எட்டுகிறது. ஆகவே மீட்டர் 210 காட்டினால் பதற வேண்டியதில்லை. மூடியிலிருந்து வழியும் நீரைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் சிறு தொட்டியை மட்டும் எப்படியாவது எங்காவது மறைத்துப் பொருத்திவிடுங்கள்.

‘700 குதிரைத்திறன் வரை குளிர்விக்கும்’ என்ற வகை வாசகங்களை அப்படியே ஒதுக்கிவிடலாம். எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றிலொரு பங்கு சக்கரத்துக்கும், மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியாகவும், மூன்றிலொரு பங்கு கூலன்டுக்கும் போகிறது என்பது பழைய, இன்றும் உதவும் கணக்கு. நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் ஓடும் இலேசான ரோட்ஸ்டருக்கு 30, 40 குதிரைத்திறன் இருந்தாலே போதும். ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவுதான், அதுவும் காற்று தானே வந்து மோதும் நிலையில். முழு ஆற்றலையும் பத்து நொடிகளுக்கு மேல் தெருவில் யாரும் பயன்படுத்துவதில்லை. உங்கள் காரை உண்மையில் சோதிக்கப்போவது, நடுப்பகல் வெயிலில் கார்க் கண்காட்சியின் நுழைவாயிலில் அரைமணி நேரம் ஊர்ந்து நிற்கும் வரிசை.

அந்த இடத்தில் ரேடியேட்டரைக் காப்பாற்றுவது ஃபேனும் ஷ்ரவுடும்தான். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 340 சதுர அங்குலக் கோரின்மீது 16 அங்குல ஃபேன் ஒன்றை நேரடியாகப் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் வட்டத்தின் பரப்பு 201 சதுர அங்குலம். ஆக, கார் நிற்கும்போது கோரின் ஐந்தில் மூன்று பங்கில்தான் காற்று ஓடுகிறது. மூலைகள் நான்கும் வெறும் அலங்காரம். கோர் முழுவதையும் மூடி, அதிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி ஃபேனை நிறுத்தும் ஷ்ரவுட் போட்டால் அந்த மூலைகளும் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு வரிசையிலிருந்து மூன்று வரிசைக்குப் போவதற்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்குக் கொடுக்கும் பணம் பலமடங்கு பயன் தரும். ஃபேனைக் கோரின் பின்னால் வைத்து இழுக்கவிடுங்கள். முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன், நெடுஞ்சாலையில் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் தடையாகிவிடும். ஷெல்லின் அழகும் கெடும். கோருக்குள் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகி ஃபேனைக் கட்டும் முறையைக் கையில் எடுக்கவே வேண்டாம். அதிர்வில் அவை குழாயை அறுத்துவிடும்.

எஞ்சினே சுழற்றும் ஃபேனுக்கு இடமிருந்தால் அதுதான் மலிவானது, நம்பகமானது. இறக்கைகளின் பாதி ஷ்ரவுடுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி அமைத்தால் போதும். மின்ஃபேன் என்றால் 2,000 முதல் 2,500 கன அடி காற்றை ஒரு நிமிடத்தில் உண்மையாகவே இழுக்கக்கூடியது வேண்டும். எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்தால் வாசகத்தின் உண்மை தெரிந்துவிடும்: 8, 10 ஆம்பியர் எடுக்கும் ஃபேன் அத்தனை காற்றை இழுக்காது. வலுவான ஃபேன் ஓடத் தொடங்கும்போது நிறைய மின்சாரத்தை இழுக்கும் என்பதால் ரிலேயும் தடித்த கம்பியும் ஆல்டர்னேட்டரும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளை மூடிவிட்டு அவற்றில் லூவர் (காற்று வெளியேறும் பிளவுகள்) போடாமல் விட்டால், பொருத்தியிருக்கும் ரேடியேட்டர் எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை.

பொருத்தும் முறையில் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலிவு அலுமினிய ரேடியேட்டரை முன் கிராஸ்மெம்பரின் (சேஸியின் குறுக்குச் சட்டத்தின்) மீது ரப்பர் இல்லாமல் நேரே போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். மேலே ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறையின் பின் தடுப்புத் தகட்டுக்கு) செல்லும் தாங்கு கம்பிகளையும் விறைப்பாக இழுத்துக்கட்டினேன். பார்ப்பதற்கு உறுதியாக இருந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் கீழ் டேங்கின் மூலையில், வெல்டிங் முடியும் இடத்தில், தலைமயிர் அகலத்தில் ஒரு வெடிப்பு. குறையைத் தயாரித்தவர்மீது போட்டேன், மாற்றி அனுப்பினார்கள், அதுவும் அதே மூலையில் வெடித்தது. முப்பதுகளின் சேஸி, சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் முறுகும். ஃபோர்டு அந்தக் காலத்திலேயே ரேடியேட்டரை மெத்தைமீது உட்காரவைத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. மூன்றாவது ரேடியேட்டரை ரப்பர் அட்டையின்மீது வைத்து, போல்ட்டை மெதுவாக மட்டும் இறுக்கி, தாங்கு கம்பிகளைத் தளர்வாக விட்டேன். அது இன்றும் ஓடுகிறது.

ரப்பர் இன்னொரு நன்மையையும் செய்கிறது: ரேடியேட்டரை மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கிறது. ஃபேனின் எர்த் கம்பியை ரேடியேட்டர் தாங்கியில் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். பேட்டரிக்கோ சேஸிக்கோ நேராகக் கொண்டுபோங்கள். கட்டி முடித்தபின் வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்து, மறுமுனையை உலோகத்தைத் தொடாமல் கூலன்டில் நனைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போதும், விளக்கு, ஃபேன் அனைத்தும் ஓடும்போதும் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. அந்தக் கசிவு மின்சாரம் மெல்லிய அலுமினியக் குழாயைச் சில மாதங்களில் ஊசித்துளைகளாக அரித்துவிடும். நிரப்புவதற்குக் குழாய்நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்.

மலிவு ரேடியேட்டர் வந்து சேர்ந்ததும், பெயிண்ட் அடிப்பதற்கோ பொருத்துவதற்கோ முன்பு, ஒரு மாலைப்பொழுதை அதற்கென்று ஒதுக்குங்கள். விலைக்குறைப்பின் பெரும்பகுதி தரச்சோதனையில்தான் நிகழ்கிறது என்பதால், அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. நிரப்பு வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அலுமினியச் சீவல்களும் வெல்டிங் உருண்டைகளும் கிடப்பது அரிதல்ல. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். மூடி அமரும் உள்விளிம்பின்மீது ஒரு நேரான தகட்டை வைத்துப் பாருங்கள். வெல்டிங் வெப்பத்தில் அது வளைந்திருந்தால் எந்த மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காது, நீங்கள் மூடியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஹோஸ் வாய்களை அடைத்து, 15 பி.எஸ்.ஐ. காற்றடைத்து, நீர்த்தொட்டியில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். குறை தெரிந்தால் அன்றே திருப்பி அனுப்பலாம். பெயிண்ட் அடித்தபின் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக் என்பதால், டேங்குக்குள் எண்ணெய்க் குளிர்விப்பான் உள்ள ரேடியேட்டராக வாங்குங்கள், அல்லது தனியாக ஒன்றைச் சேஸியின் அடியில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பின்னாளில் ஏ.சி. போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் நான் மேலே எழுதிய கணக்குகள் எல்லாம் இறுக்கமாகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது சூடு எங்கே ஏறுகிறது என்பதைக் கவனித்தால் ரேடியேட்டரைக் குறைசொல்வதற்கு முன் காரணத்தைப் பிடித்துவிடலாம். நிற்கும்போது ஏறி, 40 மைலில் இறங்கினால் குறை காற்றில்: ஃபேன், ஷ்ரவுட். நிற்கும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டே போனால் குறை நீரோட்டத்தில், அல்லது கோரின் பரப்பில். கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே சுருள்கம்பி இல்லாத ஹோஸில் இது நடக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் கண்டிப்பாக வருவார்கள். நீர் ‘வேகமாக ஓடினால் குளிராது’ என்பதும் சரியல்ல, தெர்மோஸ்டாட் இல்லாமல் இருப்பதும் சரியல்ல. அதன் குறுகிய வாய் எஞ்சின் பிளாக்குக்குள் அழுத்தத்தைத் தக்கவைத்து, சிலிண்டர் தலையைச் சுற்றி நீர் ஆங்காங்கே கொதிப்பதைத் தடுக்கிறது. 180 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு அதைப் பற்றி மறந்துவிடுங்கள்.

இவ்வளவும் ஸ்மால் பிளாக்குக்கு. இதே ஷெல்லுக்குள் ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சினை வைக்கப்போகிற ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அந்த எஞ்சினில் புகை வெளியேறும் வழிகள் பிளாக்கினுள் நீர் உறையைக் கடந்துதான் வெளியே வருகின்றன. புகைக்குழாய்க்குப் போகவேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியும் கூலன்டில் சேர்ந்துவிடுகிறது. பம்புகள் இரண்டு, மேல் ஹோஸ்கள் இரண்டு, கீழ் ஹோஸ்கள் இரண்டு என்பதால் பொதுப்பயன் ரேடியேட்டர் எதுவும் அதற்குப் பொருந்தாது. அந்தக் காருக்குப் பழைய ரேடியேட்டர் ஒன்றைத் தேடி வாங்கி, பித்தளை டேங்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றித் தரும் ஒரு பட்டறையிடம் ஒப்படைப்பதே மலிவான வழி.